கார் சாவி என் கோட்டுப் பையில்

அப்பா,

கார் சாவி ஆணியில் இல்லை. தேட வேண்டாம், நான் எடுத்துக்கொண்டு போகிறேன். பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துக் குடியுங்கள்.

தேர்வு வாரம் என்று வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் சில விஷயங்கள் தெரியவந்தன. காலை வெயில் சமையலறை மேசைக்கு மட்டும்தான் வருகிறது. மாடி வீட்டுப் பூனை நம் பால்கனியில்தான் தூங்குகிறது. நீங்கள் ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்து, "வண்டியில கொஞ்சம் வேலை இருக்கும்மா" என்று சாவியோடு இறங்கிப் போய், மதியம் வரை காரிலேயே தூங்குகிறீர்கள்.

கடைசி விஷயத்தைச் சொன்னது கீழ்வீட்டு ஸ்டாங்கா அத்தை. நேற்று குப்பை கொட்டப் போனவளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "ஏன்டி நெவெனா, உங்கப்பனை வீட்டை விட்டுத் துரத்திட்டியா? இந்தப் பனியில கார்ல சுருண்டு கெடக்கான். வெறைச்சுப் போயிருவான்டி!"

ஞாயிற்றுக்கிழமை உங்கள் குறட்டையைச் சொல்லி நான் கத்தினேன். படுக்கவும் படிக்கவும் இருப்பது ஒரே அறை, உடற்கூறியல் தேர்வுக்கு எலும்புகளின் பெயரைப் படிக்க அமைதி வேண்டும் என்று நினைத்தேன். நான்கு நாள் அமைதியிலும் அந்தப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. இதுவும் இந்த வாரம் தெரிந்ததுதான்.

இன்று வாய்மொழித் தேர்வு. கட்டிலில் கனத்த போர்வையைப் போட்டிருக்கிறேன்.

நெவெனா

பி.கு.: மதியம் வந்து அடுத்த தேர்வுக்குப் படிப்பேன். அதற்காக எழுந்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறும்போதே எனக்குக் குறட்டை கேட்க வேண்டும்.