பெரிய வீட்டின் வாசல் நிலை

அக்காவுக்கு,

போனில் சொன்னால் அழுவாய், அதனால் எழுதுகிறேன். நாமகிரிப்பேட்டையில் நம் பெரிய வீட்டை இடித்தாயிற்று. தூண், உத்தரம், கதவு எல்லாம் லாரி ஏறிவிட்டன. நீ கேட்ட வாசல் நிலை மட்டும் வராது.

பழைய மரம் வாங்கும் மருதாசலத்திடம் உனக்காக நிலையை அப்பாவுக்குத் தெரியாமல் கேட்டு வைத்திருந்தேன். அவர் நல்லதென்று நினைத்து அப்பாவிடமே சொல்லிவிட்டார்: "நிலை உங்க பொண்ணு கட்டற ஊட்டுக்கே போகுதுங்க. பாட்டன் வச்சது வெளிய போகலீங்க."

நீ மச்சானைக் கட்டிக்கொண்ட அன்று, "அவ இந்த நிலையத் தாண்டப்படாது" என்றவர் அப்பா. இப்போது கோடாரி கேட்டார்.

"பூசை பண்ணுன நிலைங்க, நாங்க வெட்டமாட்டோமுங்க" என்று ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவரே வெட்டினார். பர்மா தேக்கு, லேசில் விடவில்லை. மூச்சு வாங்கியதும் கோடாரியை என்னிடம் நீட்டினார்.

"காலேசத்தான் பாதில உட்டே. இதையாச்சும் முடிடா."

"முடியாதுங்கப்பா."

அப்படியே கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். தெருமுனை வரைக்கும் வெட்டுகிற சத்தம் கேட்டது. இனி எனக்கும் அங்கே வேலையில்லை.

மச்சானை வேப்பமரத்தில் ஒரு நிலை செய்யச் சொல். அதை வைக்கிற அன்று மஞ்சள், குங்குமம், உனக்கு ஒரு சேலை எல்லாம் நான் கொண்டுவருகிறேன். பிறந்த வீட்டிலிருந்து வேறு யாரையும் எதிர்பார்க்காதே.

உன் தம்பி