அம்மாவின் டேப்பும் வாசல் பள்ளமும்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், வாசலில் உள்ள பள்ளம் எங்களைவிடச் சுகம். நீயும் நலமென்றே நம்புகிறேன், ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் அவள் தைத்த சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்ததிலிருந்து பிள்ளை இளைச்சுட்டான் என்று அம்மா இரண்டு மாதமாக என் பிராணனை வாங்குகிறாள்.

இந்த வருடம் நம் தெருவை மூன்றாவது முறையாகத் தோண்டிவிட்டார்கள். முதலில் குழாய், அடுத்து கேபிள், இப்போது மழைநீர் வடிகால். அம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பலகைமேல் நடந்து வருகிறார்கள். அவளுக்கு வந்ததே கோபம். வருமான வரிப் படிவத்தை நிரப்பி நான் நீட்டினால், கண்ணு வலிக்கத் தச்சுக் கட்டுற வரியெல்லாம் இந்தக் குழிக்குள்ளதான் போகுது, கையெழுத்து போட மாட்டேன் போங்க என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள், தவறினால் அபராதம். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. புதன்கிழமை கழுத்தில் தொங்கிய டேப்போடு தெருவில் இறங்கிவிட்டாள். அறிவிப்புப் பலகையில் வடிகால் நீளம் முந்நூறு அடி என்று போட்டிருக்கிறது, அவள் குனிந்து குனிந்து அளந்ததில் இருநூற்றுத் தொண்ணூறு. பத்தடியை யார் முழுங்கினது என்று கேட்டு இன்ஜினியரை ஆபீஸிலிருந்து கையோடு கூட்டி வந்தாள். அவர் இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்தார், சரியாக முந்நூறு. அம்மாவின் துணி டேப் பன்னிரண்டு வருடம் இழுபட்டு நீண்டுபோயிருக்கிறது. தெருவே சிரித்தது, நானும் சிரித்துத் தொலைத்தேன், அதற்கு இன்றுவரை காபி சூடாகக் கிடைக்கவில்லை. அவள் அசரவில்லை. நீளம் சரி, உங்க டேப்பாலயே ஆழத்தையும் பாத்துடுங்க என்றாள். பலகையில் மூன்றடி, பள்ளத்தில் இரண்டரை. கான்ட்ராக்டர் சொந்தச் செலவில் மறுபடி தோண்ட வேண்டும் என்று இன்ஜினியர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கை கழுவிய ஈரத்தோடு படிவத்தில் கையெழுத்து போட்டாள். வியாழக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இனிதான் உன் விஷயம். இங்குள்ளவர்களை அளப்பதும் துணி வெட்டுவதும் அதே டேப் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீ ஒருவன்தான் அங்கிருந்து வேறு டேப்பில் அளந்து போனில் சொன்னாய், அவள் இந்த நீண்ட டேப்பில் வெட்டித் தைத்து அனுப்பிவிட்டாள். நேற்று வாங்கிய புது டேப்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து, உன் அளவுச் சீட்டோடு சரிபார்த்தவள், அவன் இளைக்கலங்க, சட்டைதான் பெருசு என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். சட்டைகளை மறக்காமல் திருப்பி அனுப்பு, உன் அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தருகிறாளாம். அதற்குள் நீ நன்றாகச் சாப்பிட்டு அந்தச் சட்டைக்கே பொருந்திவிட்டால் அவளுக்கு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஆறின காபி குடிக்கும் அப்பா