கல்வெட்டில் டொக்டர், வீட்டில் மாணவி

என் செல்ல அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டுமாம். சுகமில்லாமல்தானே அங்கே போனீர்கள், இனியாவது சுகமாக இருப்பீர்கள் என்று அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அங்கேயும் யாருடைய செருப்பையாவது ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கிறீர்களோ?

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். ஐயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எங்கள் ஓல்டனில் ரயில்கள் பிந்தலாம், ஐயர் பிந்தவில்லை, அதுவே ஓர் அதிசயம். அதைவிடப் பெரிய அதிசயம் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முதலில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அச்சடித்தோம். மினுங்கும் அட்டை, நடுவில் சிரிக்காத உங்கள் படம், உங்கள் வாழ்க்கை வரலாறு, உங்களைக் கண்டேயிராத ஒருவர் அழுதழுது எழுதிய வெண்பா, கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள். வந்த எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்தோம். அதை வாசிக்காத ஒரே ஆள் நீங்கள்தான். தட்டச்சு செய்தது நான். பிள்ளைகள் வரி வெறும் "மாதுமை, ஆரபி" என்று மொட்டையாக நின்றது. அக்கா அப்போது அமெரிக்காவில் மருத்துவம் மூன்றாம் வருடம். நான் அவள் பெயருக்கு முன்னால் "டொக்டர்" என்று போட்டேன். என் பெயருக்கு முன்னால் "விஞ்ஞானி".

சரிபார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். விஞ்ஞானியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் "அடி விழும்" என்று எழுதித் தந்தார். டொக்டரை வெட்டவில்லை. கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்து நானும் பேசாமல் அச்சுக்கு அனுப்பினேன். பட்டம் விட்டவள் நான், அப்பா. நூல் போய் அக்காவின் கழுத்தில் சுற்றிக்கொண்டது.

அமெரிக்காவில் படிப்பு முடிகிற வருடம் ஒரு விசித்திரம் நடக்கிறது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைகளும் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை எழுதிக் கொடுக்கும். ஒரு கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து, பங்குனி மாதத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பும். கலியாணத் தரகர் வேலைதான், வெற்றிலை மட்டும் போடாது. அந்தப் பொருத்தம் கிடைத்தால்தான் பயிற்சி மருத்துவராக வேலை. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஓர் இடம்கூட. அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்தக் கணினி எத்தனை பொருத்தம் பார்த்தது என்பது.

அக்கா ஒரு பெட்டியோடு இங்கே வீட்டுக்கு வந்து இறங்கினாள். பெட்டியைத் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வைகாசியில் பட்டத்தை வாங்கினால் டொக்டர்தான், ஆனால் அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது பழைய மாணவி. பழையவர்களைப் பல மருத்துவமனைகள் ஏறெடுத்தும் பார்க்காதாம். பட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் மாணவியாகவே இருந்து, இன்னும் கொஞ்சம் ஆய்வு வேலை செய்து, திரும்பவும் முயலலாம். எது என்று நேற்று மாலைக்குள் கல்லூரிக்கு எழுத வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு முதல் வழிதான் வேண்டும். பட்டம் வாங்குவதைக் கொண்டாட வைகாசியில் பக்கத்துச் சோலோதுர்னில் மண்டபம் சொல்லியாயிற்று, அரைவாசிப் பேருக்கு அழைப்பும் போயாயிற்று. பட்டத்தை வாங்கி, தொப்பியோடு ஒரு படம் எடுத்தால் போதும், வேலையை ஆறுதலாகப் பார்க்கலாம் என்றார். அக்கா ஒரு நாள் சரி என்றாள், மறுநாள் படிப்பே வேண்டாம் என்றாள்.

இதற்கிடையில் தொலைபேசி. கல்வெட்டு வாசித்த ஒருவர் விடாமல் எல்லோரும் அழைத்தார்கள். டொக்டர் வந்திருக்கிறாவாமே, சீனி கூடினால் மாம்பழம் தின்னலாமோ, தலைச்சுற்றுக்கு இந்தக் குளிசை சரியோ. நான்தான் டொக்டரின் காரியதரிசி. டொக்டர் சத்திரசிகிச்சையில் நிற்கிறா என்று மிக மரியாதையாகச் சொல்வேன். டொக்டர் அப்போது போர்வைக்குள் கிடப்பாள். மூன்றாம் நாள் ஒரு மாமியிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினேன், அக்கா கதவடியில் நின்றாள். கையில் அந்தக் கல்வெட்டு.

"அப்பா செத்ததும் நான் டொக்டர் ஆனதும் ஒரே புத்தகத்திலை கிடக்கு. அதிலை ஒண்டுதான் உண்மை," என்றாள்.

 நான் தொலைபேசியை அணைத்து வைத்தேன்.

இனி நேற்றைய கதை. படையல் முடிந்து எல்லோரும் இலைக்கு முன் இருந்தார்கள். டாவோஸில் ஒரே ஹோட்டல் குசினியில் உங்களோடு நின்ற நடேசு மாமா வந்திருந்தார். பாயாசம் முடிந்த கையோடு சட்டைக்குள்ளிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தார். முழங்கால் ஸ்கான் படம்.

"டொக்டர், இதை ஒருக்காப் பார் பிள்ளை. இவங்கள் டொச்சுப் பாஷையிலை சொல்லுறது எனக்கு முழங்காலுக்கு மேலை ஏறுதில்லை."

அக்கா படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதைப் பதனமாக உறைக்குள் வைத்தாள்.

"மாமா, நான் இன்னும் டொக்டர் இல்லை. இந்த முறை எனக்கு இடம் கிடைக்கேல்லை."

"கல்வெட்டிலை போட்டுக் கிடந்ததே?"

அப்பளம் நொறுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அது நான் போட்டது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, எலிக்குத்தான் கேட்டிருக்கும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது குசினி வாசலில் சாம்பார் வாளியோடு நின்ற அம்மா கதைத்தார்.

"அவள் போட்டவள்தான். நான் பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் வெட்டாமல் விட்டனான். அந்தாளுக்கு அது ஒண்டுதானே ஆசை."

அந்தாள் என்றது உங்களைத்தான், அப்பா. அம்மா அழவில்லை. வாளியைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். அக்காதான் அழுதாள். நான் சாம்பார் உறைத்ததென்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

நடேசு மாமா மோரைக் குடித்தார். பிறகு தனக்குள் சிரிக்கத் தொடங்கினார். என்ன என்று அம்மா கேட்டார்.

"இல்லை, இவையளின்ரை அப்பர் நாலு வருசம் என்னோடை கோப்பை கழுவினவர். ஊருக்கு எழுதினது மனேச்சர் எண்டு. வரவேற்பிலை நிண்ட வெள்ளையன்ரை கோட்டை வாங்கிப் போட்டுப் படமும் எடுத்து அனுப்பினவர். பின்னாலை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். கோட்டு அவருக்குப் பெரிசு."

அலுமாரிக்குள் இருக்கும் அந்தப் படத்தை அம்மா கலியாணத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாராம். அந்தக் கோட்டை நம்பித்தான் ஓம் என்று சொன்னாராம். அம்மா முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார். நீங்கள் போன பிறகு சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஏனப்பா இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை? என் குறும்பெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட ரீச்சர்மார் கேட்டபோது, அம்மா பக்கம் என்று சொன்னீர்களே?

"டொக்டர் இல்லாட்டியும் பறவாயில்லை, முழங்காலைப் பார்," என்று மாமா காலை நீட்டினார்.

அக்கா நிலத்தில் இருந்து அழுத்திப் பார்த்தாள். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை டொச்சில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பிறகு அதே பேனையோடு எழும்பிப் போய், கணினிக்கு முன் இருந்து, பட்டமளிப்பை ஒரு வருடம் தள்ளிப்போடுகிறேன் என்று கல்லூரிக்கு எழுதினாள். அனுப்பும் பொத்தானை அமத்துவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள். பிழை இருக்கா பார் என்றாள். இரண்டு முறை வாசித்தேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மண்டபத்துக்கு அம்மாவே தொலைபேசி எடுத்துக் கதைத்தார். பிள்ளைக்கு இந்த வருடம் சரிவரவில்லை, இன்னும் படிக்கிறாள் என்று அவர்கள் கேட்காமலே காரணத்தையும் சொன்னார். பிறகு அழைப்புப் போன வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக எடுத்தார். நாலாவது வீட்டில் குரல் தடுமாறியது. ஐந்தாவதிலிருந்து நான் எடுத்தேன். காரியதரிசியாக இல்லை, தங்கச்சியாக. அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு, சாப்பிடுகிறாள் என்றேன். உண்மையாகவே சாப்பிட்டாள், அப்பா. மூன்று வடை.

வருகிற கிழமை அவள் திரும்பிப் போகிறாள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் என்று அவளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். உங்களுக்குத் தெரியுமா?

நான் திருந்திவிடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த பங்குனியில் அந்த மின்னஞ்சல் வரும் நாளில் நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பேன், விமானம் ஏறியாவது. அதில் என்ன எழுதியிருந்தாலும், நல்லதோ கெட்டதோ, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் என் குறும்புப் பகிடி ஒன்றும் விடமாட்டேன். அதற்குப் பிறகுதான் விடுவேன்.

அன்போடு,
உங்கள் இளைய மகள், மாதுமையின் தங்கச்சி,
ஆரபி