மூடி போட்ட டீ

அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதே. மாடிப்படி ஏற முடிகிறதா இல்லையா, அதைச் சொல்.

பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் அலுவலக மொட்டைமாடியில் அறுபது தொட்டிச் செடிகள் என் பொறுப்பு என்று சொன்னேன் அல்லவா? அவற்றுக்காக மக்கிய உரத்தைத் துணியில் கட்டி, டிரம் தண்ணீரில் தொங்கவிட்டு, மீன்தொட்டி மோட்டாரால் காற்று ஊத விட்டிருந்தேன். ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் நல்ல கிருமிகள் பெருகும்; காற்று நின்றால் அழுகிவிடும். இங்கே அதற்கு 'டீ' என்று பேர். அந்தப் பேர்தான் வினை.

காலையில் போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மேற்பார்வையாளர் பெருமையாகச் சொல்கிறார்: "டீ கலர் வந்துருச்சு தம்பி, அதான் நேத்து சாயங்காலமே மோட்டாரை நிறுத்திட்டேன். ஆறிடக் கூடாதுன்னு மூடியும் போட்டேன்."

"இதை ஊத்தினா வேர் போயிடும் சார்."

"செடிக்கு மூக்கா இருக்கு? ஊத்துப்பா."

அவர் கண் முன்னாலேயே மொத்தத்தையும் சாக்கடையில் கவிழ்த்தேன். பயப்படாதே, வேலை போகவில்லை. தொட்டிகளைத்தான் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு இனி ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலை. காற்றில்லாமல் மூடிவைத்தால் எதுதான் அழுகாது?

உன் மிளகாய்த் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பு. இலையின் அடிப்பக்கமும் தெரிய வேண்டும். தினமும் அனுப்பினாலும் சரி.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். இந்த வாரம் மட்டும் போனில் "டீ குடிச்சியா" என்று கேட்காதே. அடுத்த வாரம் கட்டாயம் கேள்.

உன் மகன்