‘உடையில்’ என்ற சொல்லுக்குப் புள்ளி வைத்த ஓலை

நலம் பெருகுக. குளங்கள் நிரம்புக. மறதி குறைக.

தும்பைநாட்டின் ஒரு குடைக்கு உரியவரும், மூன்று ஆறுகளுக்கும் அவற்றின் முதலைகளுக்கும் தலைவியாரும், கொட்டாவி விட்டாலே எதிர்க்கரைப் பகைவர் பாசறையைச் சுருட்டிக்கொண்டு ஓடும் பெருமை வாய்ந்தவரும் ஆகிய முகிலேந்தி மாதேவியார் திருவாய் மலர்ந்தபடி, வெற்றிலை மென்றுகொண்டு சுகமாக ஓய்ந்திருந்து, இந்த ஒரு காரியத்துக்காகப் பல்லக்கு அனுப்பி வரவழைக்கப்பட்ட முன்னாள் ஓலைநாயகம் ஆதன் எழினி எழுதுவிக்கும் ஓலை. மேற்கே பொறைநாட்டைக் காத்து நிற்கும் தலைவர் வில்லியாதனார் திருமுன் சேர்க. தங்கள் மலைகளும் மிளகுக்கொடிகளும் நலமென்றும், தங்கள் முழங்கால் வலி குறைந்ததென்றும் நம்புகிறோம்.

காரியம் யாதெனில், ஒரு புள்ளி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெய்த பெருமழையில் ஆலங்கழிக் கோட்டையின் ஓலைச்சாலைக் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். எந்த அவையிலும் நிலையான இருக்கை இல்லாது, கேட்டவர்க்கு எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் தனியெழுத்தர் நாற்பத்திருவரும் அன்று முதல் அரசாங்க ஓலைகளைத் தத்தம் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம் என மறைந்த பெருவேந்தர் அருளினார். கூடவே ஒன்று சொன்னார். வீட்டில் இருக்கிறோம் என்று எழுத்தும் கால் நீட்டிப் படுத்துவிடலாகாது. ஆகவே அரசவை உடையில் எழுதுக, மீறியவர் எழுத்தாணியைத் திருப்பித் தந்துவிடுக என்றார்.

அரசவை உடையாவது, பதினொரு முழத் தலைப்பாகை, கழுத்து வரை முடிச்சிட்ட பட்டுச் சட்டை, இரண்டு சுற்று இடைக்கச்சு, இவ்வளவும் போதாதென்று தோளில் ஒரு சரிகை உத்தரீயம். சித்திரை வெயிலில் இதற்குள் ஒரு மனிதரை வைத்தால், கொழுக்கட்டை வேகும் நேரத்தில் அவரும் வெந்துவிடுவார்.

ஏட்டில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று எழுத்தர் புள்ளி இடுவதில்லை. படிப்பவரே இடமறிந்து அதை மனத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆதலால் ‘அரசவை உடையில் எழுதுக’ என்ற ஆணை, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தபோது ‘அரசவை உடையில எழுதுக’ என்றே கிடந்தது. நாற்பத்தொருவர் அதை மிகுந்த மகிழ்ச்சியோடு உடை இல, எழுதுக என்று பிரித்துக்கொண்டனர். அதாவது, அரசவை உடையெல்லாம் கிடையாது, நீர் பாட்டுக்கு எழுதும்.

அதன் பிறகு இந்நாட்டின் ஓலைகள் எழுதப்பட்ட கோலத்தைச் சொல்ல எமக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வோம். ஒருவர் கிணற்றுப் படியில் கழுத்தளவு நீரில் நின்று, ஏட்டை மட்டும் தலைக்கு மேல் பிடித்து எழுதினார். அவர் ஓலைகளில் தவளைகளும் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கும் என்பர். ஒருவர் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு எழுதியபோது பின்னாலிருந்து ஆடு மேய்ந்துவிட்டது. எல்லைப் போர் நிறுத்த உடன்படிக்கை நெல் சாக்கு ஒன்றினுள் இருந்தபடி எழுதப்பட்டது.

ஒருவர் மட்டும் புள்ளியோடு படித்தார். அவர் எழுத்தாணித் தெருவின் ஏழாம் வீட்டுத் தாழைநம்பியார்.

நம்பியார் கட்டிய தலைப்பாகையை ஒன்பது ஆண்டுகள் பகலில் அவிழ்க்கவில்லை. விடியலில் எழுந்து, நீராடி, ஒரு முனையைத் தூணில் முடிந்து, பதினொரு முழத்தையும் தாமே சுழன்று சுழன்று தலையில் ஏற்றிக்கொள்வார். பிறகு கூடத்தில் தனியே, பார்ப்பதற்கு ஈயும் எறும்பும் அன்றி எவரும் இல்லாத இடத்தில், அரசரே எதிரில் வீற்றிருப்பதுபோல நிமிர்ந்து அமர்ந்து எழுதுவார். அவர் மனைவியார் அல்லியங்கோதை, வேந்தர் இன்று அடுப்படிக்கு எழுந்தருள்வாரா அல்லது சோற்றைத் தூதர் வழி அனுப்பட்டுமா என்று கேட்பார். ஆணை ஆணைதான் அம்மா என்று நம்பியார் வியர்வையைத் துடைப்பார். துடைத்த துணியைப் பிழிந்தே முற்றத்துத் துளசி வளர்ந்தது. நாம் மிகைப்படுத்தவில்லை, கொஞ்சந்தான்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் எட்டாம் வீட்டுக் காரிக்குமரனார். இருவரும் ஒரே ஆசானிடம் எழுத்தாணி பிடித்தவர்கள். ஒருவர் திருமணத்தில் மற்றவர் பந்தி விசாரித்தவர்கள். நாள்தோறும் காலையில் சுவருக்கு அப்பாலிருந்து குமரனார் குரல் வரும். நம்பியாரே, கட்டியாயிற்றா என்று கேட்பார். ஆயிற்று ஐயா, தாங்கள் என்று நம்பியார் கேட்பார். நானும் கட்டியாயிற்று, என்ன புழுக்கம், என்ன புழுக்கம் என்று குமரனார் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் நம்பியாருக்குப் பாதி வெக்கை தணிந்துவிடும். நாம் ஒருவர் மட்டும் வேகவில்லை என்ற நினைப்பு இருக்கிறதே, அது விசிறியைவிடக் குளிர்ச்சி.

இதைவிடப் பெருமை ஒன்றும் அவருக்கு இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை உடை மேற்பார்க்க வரும் கண்காணியாரைத் தெருமுனையிலேயே எதிர்கொண்டு, குமரனார் நேரே நம்பியார் வீட்டுக்கு அழைத்து வருவார். இவர் எப்படியோ தெரு முழுதும் அப்படியே என்பார். கண்காணியார் நம்பியாரைச் சுற்றி வந்து பார்த்து, பானகம் குடித்து, மனம் நிறைந்து திரும்பிப் போவார். நாற்பத்திரண்டு வீட்டில் நம் வீட்டுக்கே முதலில் வருகிறார்கள் பார் என்று நம்பியார் மனைவியாரிடம் சொல்வார். முதலில் வருகிறார்களா, நம் வீட்டுக்கு மட்டும் வருகிறார்களா என்று அந்த அம்மையார் ஒருமுறை கேட்டாராம். நம்பியார் இடைக்கச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டார்.

சென்ற பங்குனியில் ஒரு நண்பகல், பாதி எழுதிய ஏட்டின் மேல் நம்பியாரின் எழுத்தாணி முனை முறிந்தது. பணி வேளையில் எவர் வீட்டுக் கதவையும் தட்டாதவர், வேறு வழியின்றிக் குமரனாரின் கொல்லைப்புறமாய்ப் போனார்.

குமரனார் ஊஞ்சலில் கிடந்தார். இடையில் ஒரு சிவப்பு ஈரத்துண்டு. கால் இரண்டும் அண்டாத் தண்ணீரில். வயிற்றின் மேல் அரசாங்க ஏடு. மூலையில் சுருட்டி வைத்த பதினொரு முழத் தலைப்பாகையில், முழத்துக்கு ஒரு முட்டையாகப் பதினொரு முட்டைகளின் மேல் ஒரு கருங்கோழி அடைகாத்திருந்தது. அந்தக் கோழி நம்பியாரின் தலையைப் பார்த்துவிட்டு, இவர் எத்தனை முட்டை வைத்திருக்கிறாரோ என்பதுபோலக் கழுத்தைச் சாய்த்தது.

வாரும், மோர் குடிக்கிறீரா என்று கேட்டார் குமரனார். நம்பியார், காலையில் கட்டியாயிற்று என்றீரே என்று மட்டும் கேட்டார். குமரனார் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே, துண்டைச் சொன்னேன் என்றார்.

நம்பியார் மோர் குடிக்கவில்லை. எழுத்தாணியும் கேட்கவில்லை. அதே உடையில், அதே வெயிலில், நேரே மாதேவியாரின் அவைக்கு நடந்தார்.

அவையில் வழக்கு வேறு முகம் காட்டியது. நாற்பத்தொருவரும் ஒரே குரலில், ஆணையில் புள்ளி ஏது என்று கேட்டனர். புள்ளி உண்டென்றால் அவர்கள் எழுத்தாணி போகும். புள்ளி இல்லையென்றாலோ, உடை இல என்ற வேந்தர் சொல்லை ஒன்பது ஆண்டு மீறியவர் நம்பியார் ஆவார். அவர் எழுத்தாணி போகும். வெந்து கிடந்த மனிதர் குற்றவாளியாய் நின்றார். எழுத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அவருக்கு அதுவும் போனால் என்ன இருக்கிறதென்று மனைவியார் அவை வாயிலில் நின்று கேட்டது உள்ளே வரை கேட்டது.

மாதேவியார் எல்லார் தலைப்பாகையையும் கொணரச் சொன்னார். வந்தவற்றில் ஒன்று கிணற்றுக்கயிறாய் இருந்தது. ஒன்று தொட்டிலாய் இருந்தது, உள்ளே குழந்தையும் இருந்தது. கருங்கோழி எழுந்திருக்க மறுத்ததால் கோழியோடு தூக்கி வந்தனர். பிறகு நம்பியாரை அவிழ்க்கச் சொன்னார். அவர் அவிழ்த்தார். புருவத்துக்கு மேல் நான்கு விரல் அகலம், ஒன்பது ஆண்டு வெயில் படாத தோல், உரித்த பனங்கிழங்குபோல வெளுத்திருந்தது.

அதன் பின் முதல் ஆணையேட்டை எடுத்தனர். புள்ளி இல்லை. ஆனால் அடியில், இது எழுதினேன் காரிக்குமரன் என்று இருந்தது.

அதுவரை நம்பியார் கண் கலங்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது கலங்கினார். வேந்தர் வாயிலிருந்து சொல்லைத் தம் காதால் கேட்டு எழுதியவருக்குத் தெரியாத புள்ளியா. மாதேவியார் கேட்க, குமரனார் தலை குனிந்து விடை சொன்னார். எழுதும்போது உடையில் என்றே எழுதினாராம். மூன்றாம் நாள் வெக்கை தாங்காமல் தம் ஏட்டைத் தாமே எடுத்துப் பார்த்தபோது அது உடை இல என்று கருணை காட்டியதாம். நாற்பது வீட்டுக்குச் சொன்னாராம். நம்பியாரிடம் சொல்ல வந்த காலையில் அவர் மாப்பிள்ளைபோல அமர்ந்திருந்தாராம், மனம் வரவில்லையாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் மனிதர் உண்மையையும் சொல்லிவிட்டார். கண்காணியாருக்குக் காட்ட ஒருவராவது உடுத்தியிருக்க வேண்டுமே என்றார்.

வேந்தர் அன்று சொன்னது என்ன என்று மாதேவியார் இவ்வோலையை எழுதுவிக்கும் முன்னாள் ஓலைநாயகத்தைக் கேட்டார். அன்று வேந்தர் அருகிலிருந்தவர் அவர். உடையில் என்பதே சொல் என்று உறுதி கூறினார். தலையில் எண்ணெய் வைத்து, கோவணத்தோடு குளத்துப் படியில் அமர்ந்திருந்தபோது வேந்தர் அதைச் சொன்னார் என்பதையும், கேட்காமலே, மகிழ்ச்சியோடு கூறினார்.

புள்ளி நிலைத்தது. ஆனால் ஒரு சங்கடம் எழுந்தது. மீறி எழுதிய ஓலைகள் செல்லாவென்றால் ஒன்பது ஆண்டாய் இந்நாட்டில் எல்லையும் இல்லை, திருமணமும் இல்லை. மாதேவியாரின் திருமண ஓலையே குமரனார் அந்தச் சிவப்புத் துண்டோடு இருந்தபடி எழுதியதென்று தெரிந்ததும் அரசியாரின் கணவர் இருமினார். ஆகவே, வஞ்சிக்கப்பட்டவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார் மாதேவியார்.

ஓலைகள் செல்லட்டும், நாற்பத்தொருவரும் எழுதட்டும் என்றார் நம்பியார். குமரனார் மட்டும் ஒன்பது ஆண்டுகள் முழு உடையில் எழுதட்டும். காலைதோறும் சுவருக்கு இப்பாலிருந்து நான் கேட்பேன், அவர் உள்ளதைச் சொல்லட்டும். வேறொன்றும் வேண்டா என்றார். மாதேவியார் அவ்வாறே விதித்து, நம்பியார் இனி விரும்பியதை உடுத்தலாம் என விடுதலையும் அளித்தார்.

இதன் பின் நடந்ததை அல்லியங்கோதையார் சொல்ல அறிந்தோம். மறுநாள் நம்பியார் துண்டோடு அமர்ந்தார். காற்று வந்தது, எழுத்து வரவில்லை. வரிகள் வெட்கப்பட்டுச் சரிந்தன. மூன்று ஏடுகளைப் பாழாக்கிவிட்டு, எழுந்து போய்த் தூணில் முனையை முடிந்து, சுழலத் தொடங்கினார். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து, மூச்சு முட்டும் குரலில், எனக்குக் கட்டியாயிற்று, நீர் துண்டில்தானே இருக்கிறீர் என்று குமரனார் கேட்டார். பட்டும் கச்சும் பதினொரு முழமுமாக நின்ற நம்பியார், ஆம் ஐயா, துண்டில்தான், என்ன காற்று, என்ன காற்று என்றார். நாள்தோறும் அப்படியே சொல்லி வருகிறார்.

ஆதலால் தங்களுக்கு ஆணை. இவ்வோலை கண்டவுடன் பொறைநாட்டுத் தனியெழுத்தர் அனைவரையும் கூட்டி, பழைய ஆணையின் படிகளை வாங்கிக் கொளுத்துக. இனி வீட்டிலிருந்து எழுதுவோர் தாம் விரும்பிய உடையில் எழுதுக. ஆனால் அண்டை வீட்டார் கேட்டால் உடுத்தியிருப்பதையே சொல்லுக. மறைத்துச் சொன்னவர் எழுத்தாணி பறிக்கப்படும். எழுத்தாணித் தெருவின் ஏழாம் வீட்டில் காலையில் சொல்லப்படும் ஒரு பொய்யை மட்டும் தங்கள் நாட்டுக் காதுகளும் கேளாதிருக்க. இவ்வோலையின் படி எதையும் காரிக்குமரனாரிடம் எழுதக் கொடுக்கலாகாது.

தும்பைப்பூ முத்திரை இட்டோம். மேலே ‘உடையில்’ என்ற சொல்லின் தலையில் ஏடு ஓட்டையாய் இருக்கும். செல் அரித்ததென்று எண்ணற்க. அது புள்ளி.