முன் இருக்கையில் உன் குப்பாயம்

என் தங்க அம்மாவுக்கு,

கேட்டாயா, இன்று உன் வெள்ளைக் குப்பாயம் பஸ் ஏறியது. அதுவும் முன் இருக்கையில்.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்த புதிதில், மணவாளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க நீ குளச்சலிலிருந்து தனியாகக் கிளம்பினாயே, நினைவிருக்கிறதா? கையில் மீன்கூடைகூட இல்லை. கோயில் பூசைக்குப் போடும் இந்தக் குப்பாயச் சட்டையும், இடுப்பில் சாயமுண்டும், காதில் பாம்படமும்தான். அதைப் பார்த்ததுமே கண்டக்டர், கடப்புறத்துக்காரிக்கு, மீன்காரிக்கு, இடமில்லை என்று இறக்கிவிட்டான். வெயிலில் நடந்து வந்து, "வண்டி போனா போவுது மக்கா, காலு கெடக்குல்லா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?

அதே கண்டக்டர்தான் அம்மா, தினமும் எனக்கு முன் இருக்கையைத் துண்டால் தட்டிக் கொடுத்தான். சேலையையும் குடையையும் பார்த்து, மேல்சாதி வீட்டுப் பெண் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீ போனபின் வழக்கப்படி உன் துணிகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம். ஒரு குப்பாயத்தையும் சாயமுண்டையும் மட்டும் சித்தியிடம் சண்டை பிடித்து வைத்துக்கொண்டேன். இன்று காலை அவற்றை உடுத்தி, அதே இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஏட்டி, எறங்கு" என்றான்.

 நான் எழுந்திருக்கவில்லை.

"நேத்து இந்த சீட்டத் தட்டித் தந்தது நீருதானே? நேத்தும் நான் கடப்புறத்துக்காரிதான் ஓய்."

குரலைக் கேட்டபிறகுதான் முகத்தைப் பார்த்தான். "டீச்சரா?" என்றான். டீச்சர் என்றால் இருக்கட்டும் என்று டிரைவர் சமாதானம் சொன்னார். அது போதுமா எனக்கு? டீச்சராக அல்ல, உன் மகளாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வழியில் உன் கூட்டாளி மரிய அன்னம் மாமி நடந்து போய்க்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள்! படியில் கால் வைக்கவே மாமிக்குப் பயம்.

"எனக்கும் எடமுண்டா மக்கா?"

"ஏறி வாங்க மாமி. இது எங்க அம்மைக்க எடம்."

கண்டக்டர் மாமிக்கு டிக்கெட் கிழித்தான். மாமி என் கையைப் பிடித்தபடி மணவாளக்குறிச்சி வரை அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை அம்மா, அத்தனை சந்தோஷம்.

நாளைக்கும் இதே உடுப்புதான். நம் கடப்புறத்துப் பெண் ஒருத்தியையும் இனி அந்த வண்டியிலிருந்து இறக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைப் போலவே அடங்காத மூத்த மகள்,
ரோசம்மாள்