சொந்தக் குதிரை

ஜூலை 9, 1963, செவ்வாய். மாதுங்கா.

டைப்ரைட்டர் இன்று காலை நின்றுவிட்டது. மாஹிமில் ரிப்பேர்க்காரன் திறந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு ஸ்பிரிங் இனி பம்பாயில் கிடைக்காது என்றான். என் ரெயின்கோட்டை அதற்குப் போர்த்தி, நான் நனைந்துகொண்டே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

சர்ச்கேட்டில் இருக்கும் ஓர் அமெரிக்கருக்கு அதில்தான் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன் அவர்கள் நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில், தெற்கு மாநிலங்களின் பக்கம் சண்டையிட்ட ஒரு குதிரைப்படையின் சரித்திரத்தை எழுதுகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா அதில் இருந்தாராம்.

அந்தப் படையில் சிப்பாய் சொந்தக் குதிரையோடுதான் சேர வேண்டும். குதிரை செத்தால் ஊருக்குப் போய் வேறொன்று கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் காலாட்படைதான். நேற்று அடித்த பக்கத்தைக் கமலத்திடம் படித்துக் காட்டினேன்.

"இதென்ன பட்டாளம்? குதிரையைக்கூட அவாளேவா கொண்டு வரணும்?" என்று சிரித்தாள்.

குதிரை செத்த ஒருவன் ஊருக்குப் புறப்படுவதோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது.

சாயங்காலம் அமெரிக்கரிடம் போய், நாலு நாள் பொறுத்தால் வேறு மெஷின் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். எங்கே போய் ஏற்பாடு செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் கோபித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். டீ கொடுத்தார். மெஷின் வைத்திருக்கிற வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்று, மிச்சக் கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படுக்கும்போது கமலம் மெதுவாகக் கேட்டாள்: "ஏன்னா, அந்தக் குதிரை செத்தவன் என்ன ஆனான்? திரும்பி வந்தானா?"

தெரியவில்லை என்றேன். மிச்சப் பக்கங்கள் என்னிடம் இல்லை.